"வீடு வாங்காதே" என்று சொன்னாலும் கணக்கில் சேர்ந்தது!

அமெரிக்காவில் ஆலோசகர்களுக்கே 'செக்' வைக்கும் சர்க்கார்

வீடு வாங்கலாமா என்று புரோக்கரைக் கேளுங்கள். "உடனே முடிச்சிடுங்க சார், நாளைக்கு விலை ஏறிடும்" என்பார். அவருக்குக் கமிஷன்!

கடன் கொடுப்பவரைக் கேளுங்கள். "கையெழுத்துப் போடுங்க, மத்ததை நாங்க பார்த்துக்கிறோம்" என்பார். அவருக்கு வட்டி!

கமிஷனும் வேண்டாம், வட்டியும் வேண்டாம் என்கிற ஒருவர் உங்கள் சம்பளத்தையும் செலவையும் கூட்டிக் கழித்து, "தாங்கும்", "தாங்காது" என்று பட்டென்று சொன்னால் எப்படி இருக்கும்?

அமெரிக்காவில் அதற்கென்றே சர்க்கார் திட்டம் இருக்கிறது. 'வீட்டு ஆலோசனை' என்று பெயர். அது சரி, யோசனை சொல்பவரே விலை போய்விட்டால்? மேற்பார்வை அதிகாரியின் வேலை அங்கேதான் ஆரம்பம்.

பட்ட பிறகு வந்த புத்தி

1968 ஆகஸ்டு 1-ந் தேதி ஜனாதிபதி ஜான்சன் ஒரு வீட்டு வசதி சட்டத்தில் கையெழுத்திட்டார். வருமானம் குறைந்தவர்களும் சொந்த வீடு வாங்கலாம். வட்டி சுமை 1 சதவீதம் வரை இறங்கும். மிச்சம் சர்க்கார் பொறுப்பு!

அதே சட்டத்தின் 106-வது பிரிவில், வாங்குகிறவர்களுக்கு யோசனை சொல்லவும் இடம் வைத்தார்கள். இடம்தான் வைத்தார்கள். ஆரம்ப வருஷங்களில் அதற்குப் பணம் ஒதுக்கவில்லை!

விளைவு? ஓட்டை வீட்டுக்கு மேல்பூச்சு பூசி, விவரம் தெரியாத குடும்பங்களின் தலையில் கட்டினார்கள் சில புரோக்கர்கள். வீட்டை மதிப்பிட வந்தவர்களில் சிலர் லஞ்சம் வாங்கி, வழக்கில் மாட்டினார்கள்.

கூரை ஒழுகியது. ரிப்பேருக்குப் பணம் இல்லை. தவணை நின்றது. பலர் வீட்டை அப்படியே போட்டுவிட்டு வெளியேறினார்கள். டெட்ராய்ட் நகரில் மட்டும் ஆயிரக்கணக்கான காலி வீடுகள் சர்க்கார் தலையில் விழுந்தன. 1973 ஜனவரியில் நிக்சன் சர்க்கார் புதிய மானியங்களை நிறுத்தியே விட்டது.

பைலை எடு!

ஆலோசகர்களில் பெரும்பாலோர் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் அல்ல. லாப நோக்கம் இல்லாத உள்ளூர் சங்கங்களில் வேலை பார்ப்பவர்கள். சங்கத்துக்கு மத்திய வீட்டு வசதி இலாகாவின் அங்கீகாரம் வேண்டும். ஆலோசகர் பரீட்சை எழுதித் தேற வேண்டும். வரவு செலவு, வீட்டுப் பராமரிப்பு, ஏலத்தைத் தவிர்ப்பது என்று ஆறு பாடம். 2021 ஆகஸ்டு முதல் இதில் விதிவிலக்கு கிடையாது.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை சங்கம் கணக்குக் கொடுக்கிறது. அதோடு விட்டார்களா? இல்லை. அதிகாரி வந்து பைல்களை எடுக்கச் சொல்கிறார்.

வந்தவரின் வரவு செலவு எழுதப்பட்டிருக்கிறதா? அவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தனித் திட்டம் போட்டார்களா? பிறகு "என்னாச்சு?" என்று விசாரித்தார்களா? "எங்க வீட்டையோ கடனையோதான் வாங்கணும்னு கட்டாயம் இல்லை" என்று எடுத்துச் சொன்னார்களா? பீஸ் கொடுக்க முடியாதவரைத் திருப்பி அனுப்பினார்களா?

முக்கியமான கேள்வி: ஆள் பிடித்துக் கொடுத்ததற்கு ஆலோசகர் கமிஷன் வாங்கினாரா? வாங்கினால் வந்தது வினை. தவறை சரி செய்யாத சங்கம் அங்கீகாரத்தையே இழக்கலாம்.

முதியவர்களுக்கு தனிக் காவல்

62 வயது ஆனவர்கள் சொந்த வீட்டின் பேரில் கடன் வாங்கி, தவணை கட்டாமல் அங்கேயே குடியிருக்க சர்க்கார் இன்சூரன்சுடன் ஒரு திட்டம் உண்டு. ஆனால் ஆலோசகரைப் பார்த்து சர்டிபிகேட் வாங்கினால்தான் கடன். கடன் கம்பெனி ஆலோசகர்களின் பட்டியலைத் தர வேண்டும். "இவர்கிட்டே போங்க" என்று ஒருவரை மட்டும் கைகாட்டக்கூடாது!

எரிகிற வீட்டில் தண்ணீரை நிறுத்தினார்கள்

2007-ல் அமெரிக்கா முழுவதும் வீடுகள் ஏலத்துக்கு வரத் தொடங்கின. அந்த டிசம்பரில், வீடு பறிபோகும் நிலையில் இருந்தவர்களுக்கு ஆலோசனை சொல்ல பார்லிமெண்டு 18 கோடி டாலர் ஒதுக்கியது.

எத்தர்கள் சும்மா இருப்பார்களா? "முன்பணம் கொடு, வீட்டை மீட்டுத் தர்றோம்" என்று கிளம்பினார்கள். வேலையை முடித்துக் காட்டாமல் காசு வாங்கக்கூடாது என்று 2010-ல் வர்த்தக கமிஷன் தடை போட்டது. மேற்பார்வைக்குத் தனி அலுவலகம் வேண்டும் என்று அதே வருஷம் ஒரு சட்டமும் வந்தது.

ஆனால் 2011 பட்ஜெட்டில் நடந்ததுதான் கூத்து. வீட்டு வசதி இலாகாவின் ஆலோசனைத் திட்டத்துக்கு முந்தின வருஷம் கிடைத்தது 8 கோடியே 75 லட்சம் டாலர். அந்த வருஷம் கிடைத்தது... பூஜ்யம்! நெருக்கடி ஓயவே இல்லை. ஆலோசகர்களுக்கோ பணம் இல்லை. அடுத்த வருஷம் நாலரை கோடி டாலர் திரும்பி வந்தது. 2012-ல் தனி அலுவலகமும் திறந்தது.

தலையை எண்ணினால் போதுமா?

எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் வீடு வாங்கினார்கள் என்று மட்டும் எண்ணிக் கொண்டிருந்தால், ஆலோசகரும் இன்னொரு புரோக்கர் ஆகிவிடுவார். இலாகாவின் கணக்குப் படிவத்தில் பல வருஷமாக ஒரு கட்டம் இருந்தது: 'வீடு வாங்க வேண்டாம் என்று முடிவு செய்தார்'. அதையும் ஒரு பலனாகவே குறித்துக்கொண்டார்கள்.

வாங்காத வீடு ஏலத்துக்குப் போகாது. அந்தக் கட்டத்தையும் நிதானமாகப் படிப்பவர்தான் நல்ல மேற்பார்வையாளர்.