புதிய ஊரில் பழைய கணக்கு

சிகாகோ நகரின் வடகோடியில், ராஜர்ஸ் பார்க் என்னும் பகுதியில், செங்கல்லால் கட்டிய மூன்றடுக்கு வீடு ஒன்றில் நாங்கள் ஈராண்டுகள் குடியிருந்தோம். அந்நகரில் இத்தகைய வீடுகள் ஏராளம். அடுக்குக்கு ஒரு குடும்பம், பின்புறம் மரத்தாலான படிக்கட்டும் தாழ்வாரமும், அடியில் நிலவறை. கீழ் அடுக்கில் வீட்டு உரிமையாளரான முதியவர் இருந்தார். நடு அடுக்கு எங்களுடையது. 2023 செப்டம்பரில் மேல் அடுக்குக்கு ஒரு குடும்பம் வந்து சேர்ந்தது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தவர்கள். கணவர் பல்கலைக்கழக ஆய்வாளர். மனைவி பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை.

அயல்நாட்டில் குடியேறுவதன் துன்பங்கள் நம்மைப் போன்றோருக்கே உரியவை என்று அதுவரை எண்ணியிருந்தோம். உச்சரிப்பு, உணவு, நிறம் என எல்லாவற்றிலும் வேறுபட்டவர்கள் அல்லவா நாம்? தாய்மொழியே ஆங்கிலமாக உடையவர்களுக்கு அமெரிக்காவில் என்ன இடர் இருக்க முடியும் என்பதே எங்கள் எண்ணம். அந்த எண்ணம் நெடுநாள் நீடிக்கவில்லை.

முதல் வேடிக்கை மாடிக் கணக்கில் நேர்ந்தது. இங்கிலாந்தில் தரைத்தளத்துக்கு மேலுள்ளதுதான் முதல் மாடி. அமெரிக்காவில் தரைத்தளமே முதல் மாடி. ஆகவே தமக்கு வரவேண்டிய மேசை நாற்காலிகளை ‘இரண்டாம் மாடி’க்கு அனுப்புமாறு அவர் கடைக்காரரிடம் சொல்ல, அவை யாவும் எங்கள் கூடத்தில் வந்து இறங்கின. அவற்றை மேலே ஏற்ற உதவியபோதுதான் எங்கள் நட்பு தொடங்கியது.

அந்த வீடு கிடைப்பதற்குள் அவர்கள் மூன்று வாரம் விடுதியில் தங்க நேர்ந்ததாம். முன்னர் இரண்டு வீட்டு உரிமையாளர்கள் அவர்களை மறுத்துவிட்டனர். காரணம் சம்பளக் குறைவன்று. ‘கடன் மதிப்பெண்’ இல்லாமை. லீட்ஸில் பதினான்கு ஆண்டுகள் ஒரு தவணையும் தவறாமல் வீட்டுக்கடன் கட்டியவர் அவர். அதற்கான வங்கிக் கடிதத்தையும் உடன் கொண்டுவந்திருந்தார். அதைப் பார்த்த வீட்டுத் தரகர், “நல்ல கடிதம்தான். ஆனால் எங்கள் கணினியில் நீங்கள் இல்லையே!” என்றாராம். எங்கள் முதியவர்தான் பல்கலைக்கழகத்தின் பணி ஆணையையும் இரண்டு மாத வைப்புத்தொகையையும் பெற்றுக்கொண்டு சாவியைக் கொடுத்தார்.

இந்தக் கடன் மதிப்பெண் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பெரிதும் வழங்குவது ஃபிக்கோ மதிப்பெண். 1989-இல் நடைமுறைக்கு வந்த இது 300 முதல் 850 வரை அமையும். தவணைகளை நாள் தவறாமல் செலுத்தியமைக்கு 35 விழுக்காடு, இப்போதுள்ள கடனின் அளவுக்கு 30 விழுக்காடு, கடன் வரலாற்றின் நீளத்துக்கு 15 விழுக்காடு என்று அதில் பங்குகள் உண்டு. எஞ்சியது புதிய கடன்களுக்கும் கடன் வகைகளுக்கும் உரியது. குறைந்தது ஆறு மாதம் பழைமையான ஒரு கடன் கணக்கேனும் இல்லாதவருக்கு மதிப்பெண்ணே கிடையாது. கடன் வாங்கித் திருப்பாதவருக்குக் குறைந்த மதிப்பெண் தருவது சரி. கடனே வாங்காதவரும் அங்கே ஐயத்துக்குரியவரே! எங்கள் நண்பர் கடன் அட்டையை விரும்பாதவர். கையில் உள்ளதைக் கொண்டே செலவு செய்பவர். அவரைப் பெற்றவர்கள் மெச்சும் அந்தக் குணம் சிகாகோவில் அவருக்குக் கைகொடுக்கவில்லை.

எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்னும் மூன்று நிறுவனங்கள் அமெரிக்கர்களின் கடன் வரலாற்றைத் தொகுத்து வைத்துள்ளன. இவை மூன்றும் இங்கிலாந்திலும் இயங்குகின்றன. டிரான்ஸ்யூனியனின் தலைமையகம் சிகாகோவிலேயே உள்ளது. இருந்தும் என்ன? ஒரு நாட்டின் கோப்பு மறுநாட்டின் கோப்போடு பொதுவாகச் சேர்வதில்லை. இந்தியாவில் நாம் ‘சிபில்’ என்று சுருங்கச் சொல்வதும் இன்று டிரான்ஸ்யூனியன் சிபில்தான். இங்கே 800-க்கு மேல் மதிப்பெண் வைத்திருக்கும் நம் பிள்ளைகளும் அமெரிக்கா சென்று இறங்கியதும் அவரைப் போலவே வெறுங்கையராகத்தான் நிற்கின்றனர்.

இதற்கு வழி என்ன? வைப்புத்தொகையைப் பிணையாகக் கொண்டு தரப்படும் கடன் அட்டை. நண்பர் வங்கியில் 500 டாலர் செலுத்தினார். 500 டாலர் வரம்புள்ள அட்டை ஒன்றைக் கொடுத்தார்கள். தம் பணத்தையே தமக்குக் கடனாகத் தருகிறார்கள் என்று சிரித்தார். மாதந்தோறும் காய்கறி வாங்கும் செலவை மட்டும் அதில் வைத்து, நிலுவை முழுவதையும் கெடு நாளுக்கு முன்பே கட்டிவிடுமாறு நாங்கள் சொன்னோம். வரம்பின் பெரும்பகுதியைப் பயன்படுத்தினால் அதுவும் மதிப்பெண்ணைக் குறைக்கும். இதை நாங்களே பட்டுத்தான் தெரிந்துகொண்டிருந்தோம்.

அக்டோபர் மாத வாடகைக்கு அவர் காசோலை எழுதினார். இங்கிலாந்தில் காசோலை ஏறக்குறைய மறைந்துவிட்டது. 2008 முதல் அங்கே வங்கிக்கு வங்கி நொடிப்பொழுதில் பணம் அனுப்ப முடிகிறது. நம் யுபிஐ பிறந்தது 2016-இல். அமெரிக்க மைய வங்கியின் ‘ஃபெட்நவ்’ என்னும் உடனடிச் சேவையோ 2023 ஜூலையில்தான் தொடங்கியது. எனவே அந்நாட்டில் வாடகைக்குக் காசோலை இன்னும் வழக்கத்தில் உள்ளது. பல ஆண்டுகளுக்குப் பின் காசோலை எழுதிய மகிழ்ச்சியில் நண்பர் தம் ஊர் வழக்கப்படி 01/10/23 என்று நாளிட்டார். அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுவார்கள். அவர்கள் கண்ணுக்கு அது சனவரி 10. ஆறு மாதம் கடந்த காசோலையை ஏற்க வேண்டிய கடப்பாடு அந்நாட்டு வங்கிகளுக்கு இல்லை. (நம் நாட்டில் 2012 ஏப்ரல் முதல் மூன்று மாதந்தான்.) காசோலை திரும்பி வந்தது, குடிவந்த முதல் மாதமே தாமதக் கட்டணம். முதியவர் அதைத் தள்ளுபடி செய்தார் என்றாலும் நண்பர் முகம் இரண்டு நாள் வாடியிருந்தது. மாதத்தை எழுத்தால் எழுதிவிட்டால் இந்தக் குழப்பம் எந்த நாட்டிலும் வாராது.

கடைத்தெருவிலும் கணக்கு உதைத்தது. இங்கிலாந்தில் விலைச்சீட்டில் கண்ட தொகையைக் கொடுத்தால் போதும். மதிப்புக் கூட்டு வரி அதற்குள் அடக்கம். சிகாகோவிலோ பத்து விழுக்காட்டுக்கும் மேற்பட்ட விற்பனை வரி பணம் கட்டும் இடத்தில்தான் சேரும். உணவகத்தில் அதற்கும் மேலாக 18 முதல் 20 விழுக்காடு பரிசுப்பணம். இது தாராள மனத்தைக் காட்டும் இடமன்று. பரிசுப்பணம் பெறும் ஊழியருக்கான நடுவண் அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர்; 1991-க்குப் பின் அது உயரவில்லை. மாநிலங்களும் நகரங்களும் கூடுதலாக விதித்திருந்தாலும், மேசைமேல் நாம் விட்டுச் செல்வதை நம்பியே அந்த ஊழியர் வாழ்கிறார்.

தேநீரைப் பற்றிச் சொல்லாவிட்டால் நண்பர் எங்களை மன்னிக்கமாட்டார். இங்கிலாந்தில் மின்னழுத்தம் 230 வோல்ட். அங்கே மின்கெண்டி 3,000 வாட் வரை இழுக்கும். அமெரிக்காவில் 120 வோல்ட். கெண்டி 1,500 வாட் அளவில் நின்றுவிடும். தண்ணீர் கொதிக்க இருமடங்கு நேரம்! அவர் தேடிய கட்டித் தேயிலைத் தூளும் டைஜெஸ்டிவ் பிஸ்கட்டும் கடைசியில் டெவான் அவென்யூவில் இருந்த இந்திய மளிகைக் கடையில் கிடைத்தன. அத்தெருவின் ஒரு பகுதிக்குக் காந்தி மார்க் என்னும் சிறப்புப் பெயரும் உண்டு. ஓர் ஆங்கிலேயர் தம் ஊர்ச் சுவையைத் தேடிக் காந்தியின் தெருவுக்குப் போக வேண்டியிருந்ததை எண்ணி நாங்கள் அனைவரும் சிரித்தோம்.

அவருடைய மனைவி அந்நாட்களில் அவ்வளவாகச் சிரிக்கவில்லை. அக்டோபர் 3, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. நகரெங்கும் அபாயச் சங்கு ஊளையிட்டது. சூறாவளி எச்சரிக்கைக்கான அந்தச் சங்கை மாதத்தின் முதல் செவ்வாயன்று சோதித்துப் பார்ப்பது அங்கே வழக்கம். ஊரார் யாரும் தலைநிமிர்ந்தும் பார்ப்பதில்லை. இங்கிலாந்துக்காரருக்கோ அந்த ஒலி வேறு. விமானத் தாக்குதலின் போது அந்தச் சங்கொலி கேட்டு ஓடிய கதைகளைப் பாட்டியிடம் கேட்டு வளர்ந்தவர் அவர். நாங்கள் துணி துவைக்க நிலவறைக்குப் போனபோது, சுவரோரமாகக் கடவுச்சீட்டுகள் இருந்த பையை மார்போடு அணைத்தபடி அமர்ந்திருந்தார். விவரம் சொன்னதும் வெட்கப்பட்டார். பிறகு அழுதார். சங்கொலிக்காக மட்டும் அழவில்லை என்பது எங்களுக்குப் புரிந்தது.

அவரிடம் இருந்தது எச்-4 விசா. நம்மவர் வீடுகளில் பலரும் அறிந்த எழுத்தும் எண்ணும் அவை. எச்-1பி விசாவில் பணிபுரிபவரின் துணைவர் அங்கே வாழலாம். ஆனால் சில விலக்குகள் தவிர, வேலைக்குச் செல்ல இயலாது. வேலைக்கான அனுமதி இல்லாதவருக்குச் சமூகப் பாதுகாப்பு எண் பொதுவாகக் கிடைப்பதில்லை. 1936 முதல் வழங்கப்பட்டுவரும் அந்த ஒன்பது இலக்க எண் ஓய்வூதியக் கணக்குக்காக ஏற்பட்டது. இன்று கைப்பேசி இணைப்பு முதல் மின்கட்டணம் வரை கேட்கிறார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் தம் பெயரில் சம்பளம் வாங்கியவர், மின்வாரியத்திடம் தொலைபேசியில் பேசவும் கணவரின் எண்ணைச் சொல்ல வேண்டியிருந்தது. “இங்கே நான் யாருடைய மனைவி என்பது மட்டுமே தெரிகிறது” என்று அன்று நிலவறையில் சொன்னார். ஹைதராபாத்திலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வந்த பெண்கள் இதே சொற்களைச் சொல்ல நாங்கள் கேட்டதுண்டு.

மறுநாள் அவரை நூலகத்துக்கு அழைத்துச் சென்றோம். சிகாகோ பொது நூலகம் சமூகப் பாதுகாப்பு எண் எதையும் கேட்கவில்லை. அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் போதுமாக இருந்தன. அவர் பெயரில் கிடைத்த முதல் அமெரிக்க அட்டை அதுவே. பின்னர், ஊதியமில்லாத் தொண்டராகப் பிள்ளைகளுக்குக் கதை படித்துக் காட்டும் பணியில் சேர்ந்தார்.

குளிர்காலத்தில் ஓரிரவு குழந்தைக்குக் காது வலி. இங்கிலாந்தில் 1948 சூலை 5 முதல் தேசிய நலச் சேவை நடைபெற்று வருகிறது. மருத்துவரைப் பார்க்கப் பணப்பையைத் திறக்க வேண்டியதில்லை. அந்தப் பழக்கத்தில் நண்பர் நேரே ஒரு பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் சென்றுவிட்டார். அரைமணி நேரப் பரிசோதனை, ஒரு மருந்துச் சீட்டு. அதன்பின் கடிதங்கள் வரத் தொடங்கின. மருத்துவமனைக்கு ஒரு பில், மருத்துவருக்குத் தனியே ஒரு பில். காப்பீட்டு நிறுவனத்தின் கடிதமோ, பெரிய தொகையைக் குறித்துவிட்டு, ‘இது பில் அன்று’ என்று முடிந்தது. அதற்கும் அவர் பணம் கட்டப் போனார், நாங்கள்தான் தடுத்தோம். காப்பீடு இருந்தாலும், ஆண்டுதோறும் ‘டிடக்டிபிள்’ என்னும் தொகை தீரும்வரை பெரும்பாலான சிகிச்சைக்கு நாமே கொடுக்க வேண்டும். அதன் பின்னரும் ஒரு பங்கு நம்முடையது. உயிருக்கு ஆபத்தில்லாத நோய்க்கு ‘அர்ஜென்ட் கேர்’ என்னும் சிறு மருத்துவ நிலையங்கள் உள்ளன. செலவு மிகக் குறைவு. இதை எவரும் அவருக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. மேல்மாடிக்காரருக்குச் சொல்லாமல் விட்டோமே என்ற வருத்தம் எங்களுக்கும் உண்டு.

ஏப்ரலில் வருமான வரி. இங்கிலாந்தில் சம்பளக்காரர் பெரும்பாலோர் வரிப் படிவம் நிரப்புவதில்லை. முதலாளியே பிடித்துக் கட்டிவிடுவார். அமெரிக்காவில் ஏப்ரல் 15-க்குள் அவரவரே கணக்கு ஒப்படைக்க வேண்டும். அவ்வேளையில்தான் லீட்ஸில் விட்டுவந்த சேமிப்பு நினைவுக்கு வந்தது. ‘ஐசா’ என்னும் சேமிப்புக் கணக்கின் வருவாய்க்கு இங்கிலாந்தில் வரியில்லை. அமெரிக்கா அந்தச் சலுகையை ஏற்பதில்லை.

இந்த இதழைப் படிக்கும் பெற்றோர் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். நம் என்ஆர்இ கணக்கின் வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி கிடையாது. ஆனால் அமெரிக்க வரிச் சட்டப்படி அங்கே வசிப்பவராகக் கருதப்படும் மகனோ மகளோ அந்த வட்டியை அங்கே கணக்கில் காட்டியாக வேண்டும். மேலும், அயல்நாட்டு வங்கிக் கணக்குகளில் உள்ள தொகை அனைத்தும் சேர்ந்து ஆண்டின் ஏதேனும் ஒரு நாளில் 10,000 டாலரைத் தாண்டினால், அக்கணக்குகளை ‘எஃப்பார்’ என்னும் அறிக்கையில் தனியே தெரிவிக்க வேண்டும். அப்பாவோடு கூட்டாக வைத்திருக்கும் கணக்கும் இதில் சேரும். வரி ஒரு டாலர்கூட இல்லாத நிலையிலும், அறிக்கை தரத் தவறினால் தண்டம் கடுமையானது. நண்பர் வரி ஆலோசகர் ஒருவரை அமர்த்திக்கொண்டார். அதற்கான கட்டணத்தைக் குறித்து அவர் முணுமுணுத்தது எங்கள் மாடிவரை கேட்டது.

மே மாதத்தில் ஒரு மாலை, பின்தாழ்வாரத்தில் கைப்பேசியை நீட்டினார். அதில் மூன்று இலக்க எண் ஒன்று. பெரிய எண்ணன்று, நடுத்தரத்துக்குச் சற்று மேல். எனினும், கணினியில் இப்போது அவர் இருந்தார். வங்கி அந்த 500 டாலரைத் திருப்பித் தந்து, பிணையில்லாத அட்டையை அனுப்பியது. அதே கணக்கில் மனைவியையும் கூடுதல் பயனராகச் சேர்த்திருந்தார். மற்றோர் உறையில் அவருடைய முழுப்பெயர் பொறித்த அட்டை வந்தது. சமூகப் பாதுகாப்பு எண் இல்லாததால் அவருக்கென ஒரு மதிப்பெண் அதனால் உருவாகுமா என்பது ஐயமே. அதை அவரும் அறிவார். சனிக்கிழமை டெவான் அவென்யூவுக்குக் கிளம்பும்போது, தேயிலைத் தூள் வாங்க வேண்டுமென்று சொல்லி அந்த அட்டையைத் தாமே எடுத்துக்கொண்டார். எங்களுக்கும் ஒரு பொட்டலம் வாங்கி வந்தார்.