தூரத்து வெண்மை

மாலை நாலு மணிக்கே இருட்டிவிடுகிற நவம்பர் மாதம் பிறந்ததும், லண்டன் நகரத்து வசதியுள்ள குடும்பங்கள் பலவற்றில், சாப்பாட்டு மேஜையைச் சுற்றி ஒரு விவாதம் ஆரம்பமாகிவிடுகிறது. இந்த வருஷம் பனிச்சறுக்குக்கு எங்கே போவது, வழக்கம்போல் ஆல்ப்ஸ் மலைக்கா, அல்லது சமுத்திரம் தாண்டிக் கனடாவுக்கோ ஜப்பானுக்கோவா என்பதே அந்த விவாதம். பூகோளப் படத்தை விரித்துவைத்து ஸ்கேலால் அளந்து பார்த்து இதற்கு விடை கண்டுவிடலாம் என்று நினைப்பவர், பிரிட்டனின் சொந்த மலைகளைப் பற்றிச் சற்று விசாரித்தாரானால், அந்த எண்ணத்தை உடனே கைவிட்டுவிடுவார். ஸ்காட்லாந்திலுள்ள கெயர்ன்கார்ம் மலைக்கு லண்டனிலிருந்து காரில் போக ஒன்பது பத்து மணி நேரம் வேண்டும்; அல்லது யூஸ்டன் நிலையத்தில் இராத்திரி ரயில் ஏறி, விடிந்தபின் ஏவிமோரில் இறங்கவேண்டும். அத்தனை சிரமப்பட்டுப் போய்ச் சேர்ந்தாலும், வட கடல்களின் காற்று வீசத் தொடங்கிவிட்டால் லிஃப்ட்டுகளை நிறுத்திவிடுவார்கள். மலை உச்சியை நோக்கி ஏறுவதற்கென்று 2001 இல் திறக்கப்பட்ட ரயில், கட்டுமானக் கோளாறினால் 2018 இல் நின்று, 2023 தொடக்கத்தில் மறுபடி ஓடி, அவ்வருஷமே மீண்டும் நின்று, பழுது பார்த்தபின் 2025 இல்தான் திரும்ப ஓடத் தொடங்கியது. இதற்கு மாறாக, ஜெனீவாவுக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கிருந்து, 1924 இல் முதல் குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஷமோனி ஊருக்குச் சாலை வழியாக ஒன்றேகால் மணி நேரம். சொந்த ராஜ்யம் தூரமாகவும் அந்நிய தேசம் பக்கமாகவும் இருக்கிற விசித்திரம் இது.

ஆல்ப்ஸ் மலை ஆங்கிலேயருக்கு இவ்வளவு சுவாதீனமாகிவிட்டதில் நம் சென்னைப் பட்டணத்துக்கும் தூரத்து உறவு ஒன்று உண்டு. மெதடிஸ்ட் சபையின் ஊழியராக இந்தியாவுக்கு வந்து, அதிக காலம் தங்காமல் தாயகம் திரும்பி, பிறகு பிரயாண ஏற்பாட்டுத் தொழிலில் இறங்கி, ஆங்கிலேயரைக் கூட்டங்கூட்டமாகக் குளிர்காலத்தில் சுவிட்சர்லாந்துக்கு அழைத்துச் சென்றவர் ஹென்றி லன். அவருடைய மகன் ஆர்னால்டு லன், 1888 இல் சென்னையில் பிறந்தவர். பனி என்பதே மார்கழி விடியலின் புகைமூட்டமாக மட்டும் தெரிந்த ஊரில் பிறந்த இவர்தாம், 1922 இல் சுவிட்சர்லாந்தின் மியூரன் கிராமத்தில், கொடிகளை நட்டு அவற்றினூடே வளைந்து வளைந்து இறங்கும் 'ஸ்லாலம்' போட்டிக்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தார். மலைச்சரிவில் இறங்கும் சறுக்குப் போட்டிகளின் முதல் உலகப் பந்தயம் அதே கிராமத்தில் 1931 இல் நடந்தது. இப்படித் தந்தை வழி காட்ட, மகன் விதி வகுக்க, ஆங்கிலேயர் கால் ஆல்ப்ஸில் ஊன்றிவிட்டது.

இனி, காலக் கணக்குக்கு வருவோம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உள்ள வீட்டாருக்குப் பெரும்பாலும் பிப்ரவரி இடைவிடுமுறை என்கிற ஒரு வாரமே கதி. அநுமதியின்றிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்திக்கொள்ளும் பெற்றோருக்கு அபராதம் விதிக்க இங்கிலாந்தில் சட்டமுண்டு. சனிக்கிழமை புறப்பட்டுச் சனிக்கிழமை திரும்புவது ஆல்ப்ஸ் பிரயாணத்தின் சம்பிரதாயம். நடுவில் ஆறு முழு நாட்கள் மலையில் கழிகின்றன. கனடாவின் விஸ்லருக்குப் போகிறவரோ, வான்கூவர் வரைக்கும் விமானத்தில் பத்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைய உட்கார்ந்து, பிறகு இரண்டு மணி நேரம் சாலையில் போய், எட்டு மணி நேரம் பின்தங்கிய கடிகாரத்தோடு போராடி, திரும்புகையில் ஒரு இராத்திரியை ஆகாயத்திலேயே கழித்து மறுநாள் வீடு சேர்கிறார். ஜப்பானுக்கோ இன்னும் அதிகம்: 2022 முதல் ருஷ்யாவின் ஆகாயம் பிரிட்டிஷ் விமானங்களுக்கு மூடப்பட்டுவிட்டபடியால், டோக்கியோவுக்கே பதின்மூன்று பதினாலு மணி நேரம் ஆகிறது, அப்புறம் ஹொக்கைடோ தீவுக்கு வேறொரு விமானம், அதிலிருந்து இறங்கி நிஸேகோவுக்கு இரண்டு மூன்று மணி நேரம் பஸ். ஒரு வார விடுமுறையில் இத்தகைய யாத்திரையை மேற்கொள்பவர், தாம் பணம் கொடுத்து வாங்கிய நாட்களில் பெரும்பகுதியை நாற்காலியிலும் தூக்கக் கலக்கத்திலும் செலவழிக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அதற்காக ஆல்ப்ஸ் பிரயாணம் சுகமே உருவானது என்று எண்ணிவிடக் கூடாது. பிப்ரவரிச் சனிக்கிழமையொன்றில், பிரான்ஸின் மூட்டியே ஊரிலிருந்து 'மூன்று பள்ளத்தாக்கு' என்னும் சறுக்குத் தலங்களை நோக்கி ஏறும் மலைச்சாலையைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். முன்னும் பின்னும் வண்டிகள் நெருக்கியடித்து நிற்க, திடீரென்று பனி கொட்டத் தொடங்கினால், பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு ஓட்டுநர் இறங்குவார். கரைந்தும் கரையாமலும் கிடக்கும் சேற்றுப்பனியில் முழங்காலிட்டு, சில்லென்று விறைத்த இரும்புச் சங்கிலியைச் சக்கரத்தின்மேல் சுற்றி இழுத்து மாட்டுவார். உள்ளே கதகதப்பாக உட்கார்ந்திருக்கும் ஐம்பது பேரும் ஜன்னல் வழியே அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிரெஞ்சுப் பள்ளிகளின் விடுமுறையும் அதே வாரத்தில் வந்து சேர்ந்துவிட்டால், மறுநாள் காலையில் லிஃப்ட் வரிசையில் நின்றே ஒருவருக்கொருவர் சிநேகிதமாகிவிடலாம்.

அப்படியானால் தூர தேசத்து மலைகளுக்கு என்னதான் விசேஷம்? முதலாவது, பனியின் குணம். குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து புறப்படும் வறண்ட குளிர்காற்று, தன்னைவிட வெப்பமான ஜப்பான் கடலைக் கடக்கையில் ஈரத்தை வாரி முகந்துகொண்டு, ஹொக்கைடோ மலைகளில் மோதி, அதை இடைவிடாமல் பனியாகக் கொட்டுகிறது. நிஸேகோவின் அன்னுபுரி சிகரம் 1,308 மீட்டர் உயரந்தான். ஆல்ப்ஸில் அந்த உயரத்தில் ஊர்கள் இருக்கின்றன. ஆனாலும் குளிர் குறையாத காரணத்தால், விழுகிற பனி ஈரமேறிக் கட்டிப்படாமல் அப்படியே லேசாகக் கிடக்கிறது. அமெரிக்காவின் யூட்டா மாகாணத்தில், கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளியிருக்கும் ஆல்டா மலையிலும் இத்தகைய பனிதான். வருஷத்துக்குச் சராசரி 500 அங்குலத்துக்கு மேல் அங்கே விழுகிறது. இந்தப் பனிக்கும் ஆல்ப்ஸில் வெயில் பட்டு இளகி இரவில் இறுகும் பனிக்கும் உள்ள வித்தியாசம், வறுத்து இடித்துச் சலித்த மாவுக்கும் தண்ணீர் தெளித்துப் பிசைந்த மாவுக்கும் உள்ள வித்தியாசமே. முழங்கால் வரை புதைந்தும் தடையே தெரியாமல் மிதந்து இறங்குவதைச் சொல்லிச் சொல்லி மாளாதவர்கள் உண்டு.

இரண்டாவது, மரங்கள். இதைப் பிரயாண விளம்பரங்கள் அவ்வளவாக எடுத்துச் சொல்வதில்லை. வால் தொரன்ஸ் போன்ற உயர்ந்த ஆல்ப்ஸ் ஊர் 2,300 மீட்டரில், மரம் முளைக்கும் எல்லைக்கு மேலே இருக்கிறது. அங்கே பனி பெய்யும் நாளில் வானமும் தரையும் ஒரே வெள்ளையாகிவிட, காலுக்குக் கீழிருப்பது மேடா பள்ளமா என்றே தெரியாது. நின்றுகொண்டிருப்பதாக நினைத்தவர் நகர்ந்துகொண்டிருப்பார். கொலராடோவின் ராக்கி மலைகளிலோ மூவாயிரம் மீட்டரைத் தாண்டியும் ஊசியிலைக் காடு ஏறிப்போகிறது. கறுத்த அடிமரங்கள் கண்ணுக்கு ஒரு பிடிமானமாக இருப்பதால், ஆல்ப்ஸில் ஓட்டலுக்குள் முடங்கிக் கிடக்கவேண்டிய அந்த நாளே, அங்கே மிக நல்ல நாளாக அமைந்துவிடும்.

மூன்றாவது, காவல். வட அமெரிக்காவில், கயிறு கட்டிக் காட்டிய எல்லைக்குள் திறந்துவிட்டிருக்கும் சரிவு அத்தனையையும் ரோந்துக்காரர்கள் பொழுது விடியுமுன் சோதித்து, சரியும் அபாயமுள்ள பனியை வெடிவைத்து முன்கூட்டியே உதிர்த்துவிடுகிறார்கள். ஆல்ப்ஸில் பொதுவாக அடையாளமிட்ட பாதைகளுக்கு மட்டுமே அந்தப் பாதுகாப்பு. ஓரத்துக் கம்பத்தைத் தாண்டி ஓர் அடி வைத்தால், அப்புறம் அவரவர் உயிர் அவரவர் பொறுப்பு. ஷமோனியின் 'வெள்ளைப் பள்ளத்தாக்'கில் இருபது கிலோமீட்டர் இறங்கும் புகழ்பெற்ற பாதை, வெடிப்புகள் மறைந்து கிடக்கும் பனியாற்றின் மேல் செல்கிறது. வழிகாட்டியில்லாமல் அதில் இறங்குவது, அந்த மலையை அறியாதவருக்குச் சாகசமல்ல, அசட்டுத்தனம்.

இவ்வளவையும் கேட்டுவிட்டுத் தூர தேசத்துக்கு டிக்கெட் எடுக்க விரைபவர், அதற்கு முன்னால், சறுக்குப் பலகை வாடகைக்குக் கொடுக்கும் கடையொன்றில் நடப்பதைச் சற்றுக் கவனிக்கவேண்டும். ஈரக் காலுறைகளின் வாசனை நிறைந்த அந்தக் கடையில், ஸ்குரூடிரைவரும் கையுமாக நிற்கும் பணியாள், வயசு என்ன, உயரம் என்ன, எடை என்ன என்று வரிசையாக வினவுவார். எடையைச் சொல்லும்போது பலருக்கும் குரல் தாழும். கடைசியாக, எவ்வளவு தேர்ச்சி என்று கேட்பார். விழும்போது பூட்ஸைப் பலகையிலிருந்து விடுவிக்கும் ஸ்பிரிங்கை எவ்வளவு முடுக்குவது என்பதை நிர்ணயிக்கத்தான் இத்தனை கேள்வியும். கௌரவத்துக்காகத் தேர்ச்சியை மிகைப்படுத்திச் சொன்னால், ஸ்பிரிங் அளவுக்கு மீறி இறுகிவிடும். விழுகிற சமயத்தில் பலகை கழலாமல், முழங்கால்தான் முறுகும். உண்மையைச் சொல்லியே தீரவேண்டிய அந்தக் கவுண்ட்டரில், தூரமா பக்கமா என்னும் கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடுகிறது. புதிதாகப் பழகுபவர் முதல் வாரம் முழுவதும் கழிப்பது, ஆஸ்திரியாவானாலும் ஹொக்கைடோவானாலும், ஊரோரத்தில் மெல்லச் சாய்ந்த ஒரு மைதானத்திலேயாகும். அங்கே உருளையால் அழுத்தி மட்டப்படுத்திய பனியில், அதன் நுட்பமான குணபேதங்கள் அவர் காலுக்குத் தெரியப்போவதில்லை. ஆழ்ந்த பொடிப்பனியோ, பழகாதவரை இடுப்பளவு புதைத்து, கழன்ற பலகையைக் கால்மணி நேரம் தேடவைக்கும். தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்பார்கள்; தூரத்து வெண்மையின் குளிர்ச்சி, கால் தேர்ந்தவருக்கு மட்டுமே கைகூடும் என்பது என் அபிப்பிராயம்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அமெரிக்காவின் வேய்ல் மலையில், நெரிசலான நாட்களில் வாசலில் வாங்கும் ஒருநாள் டிக்கெட் 300 டாலரைத் தாண்டிவிட்டது; ஆல்ப்ஸின் பல இடங்களில் அந்தத் தொகைக்கு வாரத்தின் பெரும்பகுதியைச் சறுக்கியே கழிக்கலாம். முன்யோசனையோடு, டிசம்பர் தொடக்கத்துக்குள் பருவச் சீட்டு வாங்கிக்கொள்பவருக்கு அமெரிக்கக் கணக்கு அவ்வளவு பயங்கரமாக இராது. ஆனால் அங்கே கால் முறிந்தால் ஆஸ்பத்திரிப் பில் பயங்கரமாகத்தான் இருக்கும். ஐரோப்பிய யூனியன் நாடுகளின் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பிரிட்டிஷ்காரருக்குச் சுகாதார அட்டை கைகொடுக்கிறது; அதுவும் மலையிலிருந்து ஹெலிகாப்டரில் தூக்கிவரும் செலவைத் தராதாகையால், இன்ஷூரன்ஸ் எங்கே போனாலும் வேண்டியதே. மத்தியான போஜனத்தில் ருசியுள்ளவர்கள் ஆல்ப்ஸைவிட்டு அகலமாட்டார்கள். அங்கே மரவீட்டு உணவகத்தில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் சாப்பிடுவதும் விடுமுறையின் ஓர் அங்கம். அமெரிக்காவில் தட்டை ஏந்தி வரிசையில் நின்று, விழுங்கிவிட்டு மறுபடி லிஃப்டுக்கு ஓடுகிறார்கள்.

மேற்கே போகிறவர்களுக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. கடிகாரம் எட்டு மணி நேரம் பின்னுக்குப் போய்விடுவதால், இரவு எட்டு மணிக்கே கண்ணைச் சுழற்றும். விடிகாலை நாலு மணிக்கு விழிப்பு வந்துவிடும். நகரத்து உல்லாசப் பிரயாணிக்கு இது உபத்திரவம். சறுக்குகிறவருக்கோ, எல்லாருக்கும் முன்னால் முதல் நாற்காலி லிஃப்டில் ஏறி உட்கார்ந்துவிடும் பாக்கியம். கிழக்கே ஜப்பானுக்குப் போகிறவருக்கு இது நேர்மாறாகி, நடுநிசியில் கொட்டக் கொட்ட விழித்திருந்து, காலையில் எழ முடியாமல் போகிறது.

சமீப காலமாகத் தூரப் பிரயாணத்துக்கு ஒரு புதிய நியாயம் கற்பிக்கப்படுகிறது. ஆல்ப்ஸில், தாழ்ந்த மலைகளில், பனியை நம்பி முன்பணம் கட்ட முடியவில்லை என்பது அது. உண்மைதான். 2023 புத்தாண்டையொட்டிய வாரங்களில் பல ஊர்களில் பச்சைப் புல்லின் நடுவே, இயந்திரத்தால் தூவிய ஒற்றை வெள்ளைப் பட்டையில் ஜனங்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஆனெஸி ஏரிக்கு அருகிலுள்ள லா சம்பூயி என்னும் சிறிய சறுக்குத் தலம் அவ்வருஷத்தோடு மூடப்பட்டது. ஆனால் பனி உருகுவதற்குக் காரணமான புகையையே அநேக மடங்கு கூடுதலாகக் கக்கிக்கொண்டு, ஜெனீவாவைவிடப் பத்து மடங்கு தூரமுள்ள வான்கூவருக்குப் பறந்துபோய், அங்கே பனியைத் தேடுவது என்ன பரிகாரம் என்று எனக்கு விளங்கவில்லை. பக்கத்திலேயே உயரமான ஊரைத் தேர்ந்தெடுத்து, பாரிஸ் வழியாக ரயிலில் போய், பூர்-சென்-மொரீஸ் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்தே கேபிள் ரயிலில் லெஸ் ஆர்க் மலைக்கு ஏறிவிடலாம். நான் மேலே சொன்ன சனிக்கிழமைச் சாலையைக் கண்ணால் பார்க்கவும் வேண்டாம்.

இரண்டு வாரம் ரஜாவும், சற்றுக் கடினமான சிவப்பு அடையாளப் பாதையில் தடுமாறாமல் இறங்கும் கால்களும் உள்ளவர், வாழ்நாளில் ஒருதரம் ஹொக்கைடோவுக்குப் போய்வரட்டும். அதை வேண்டாமென்று சொல்ல எனக்கு மனமில்லை. அப்படிப் போவதானால் ஜனவரி மத்தியில் போகவேண்டும். அப்போது புத்தாண்டுக் கூட்டம் கலைந்திருக்கும். சீனப் புத்தாண்டுக் கூட்டம் பெரும்பாலும் வந்து சேர்ந்திராது. பலகைகளைச் சுமக்கவேண்டியதில்லை, அந்தப் பனிக்கேற்ற அகலமான பலகை அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். சொந்த பூட்ஸை மட்டும், பெட்டியில் போட்டு விமானக் கம்பெனியின் கருணையில் விட்டுவிடாமல், கையோடு எடுத்துச் செல்லவேண்டும்.