மூடித் திறந்தால் மந்தமாகும் லினக்ஸ் மடிக்கணினி: எங்கே பார்ப்பது?

2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய மடிக்கணினிகளைத் தூக்கிப்போட மனமில்லாமல் உபுண்டு, லினக்ஸ் மின்ட் போட்டுக்கொண்ட ஆசிரியர்களுக்கும் தேர்வு மாணவர்களுக்கும் இந்தக் குறிப்பு.

காலையில் ஈப்போ வீட்டில் பாடக்குறிப்பைத் திறந்து வைத்து, மூடியைச் சாத்திப் பையில் போடுகிறீர்கள். சுங்கை சிப்புட் பக்கம், ஒரு காலத்தில் ரப்பர் தோட்டத்துக்குள் இருந்த தமிழ்ப்பள்ளியில் போய்த் திறக்கிறீர்கள். ஆமை வேகம்! எழுத்து ஒவ்வொன்றும் யோசித்து யோசித்து விழுகிறது. வகுப்பு காத்திருக்கிறது. மறுதொடக்கம் செய்தால் சரியாகிவிடுகிறது.

அப்படிச் சரியாகிறது என்றாலே ஒன்று தெளிவு. "வயசாயிடுச்சு, வேற வாங்குங்க" என்று யார் சொன்னாலும் அவசரப்படாதீங்க. வயதான கணினி மறுதொடக்கத்துக்குப் பிறகும் மந்தமாகத்தான் இருக்கும். இங்கே தூங்கி எழுவதில்தான் கோளாறு.

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே சுறுசுறுப்பாகிறதா? அப்படியானால் பெரிய சிக்கல் இல்லை. உறங்கிய நேரத்தில் தவறிப்போன புதுப்பித்தல் சோதனையை உபுண்டு எழுந்ததும் செய்யும். 4 ஜிபி ரேமும் பழைய சுழலும் வட்டும் உள்ள கணினிக்கு அதுவே மூச்சுத் திணறல். பிரவுசரில் இருபது பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு மூடியைச் சாத்தாதீர்கள், அது போதும்.

எவ்வளவு நேரமானாலும் மந்தம் போகவில்லையா? அப்போது பிராசசரின் வேகத்தைப் பார்க்க வேண்டும். ஒரு காணொளியை ஓடவிட்டு, டெர்மினலைத் திறந்து, சொல்வதெழுதுதல் மாதிரி இதைத் தட்டுங்கள்: சி.ஏ.டி. (ஆமாம், ஆங்கிலப் பூனைதான்), ஓர் இடைவெளி, சாய்கோடு, பி.ஆர்.ஓ.சி., சாய்கோடு, சி.பி.யு.ஐ.என்.எஃப்.ஓ. எல்லாம் சிறிய எழுத்து, நடுவில் புள்ளி வேண்டாம். ஒவ்வொரு கோருக்கும் மெகாஹெர்ட்ஸ் என்று ஒரு வரி வரும். சும்மா இருக்கும்போது 800 காட்டினால் இயல்பு. காணொளி ஓடும்போதும், பல பக்கங்களைத் திறக்கும்போதும் எல்லா வரிகளும் 400, 800-லேயே ஒட்டிக்கொண்டிருந்தால் ஏதோ ஒன்று பிராசசரைப் பிடித்து வைத்திருக்கிறது.

பிடித்து வைப்பது பெரும்பாலும் சூடு, இல்லையென்றால் சார்ஜர். "ரொம்பச் சூடு, மெதுவாப் போ" என்று வன்பொருள் பிராசசருக்கு ஒரு சமிக்ஞை தரும். சில கணினிகளில் தூங்கி எழுந்தபின் அந்தச் சமிக்ஞை அணையாமலே நின்றுவிடும். டெல் கணினிகளில் சார்ஜரின் நடுவே உள்ள மெல்லிய ஊசி இன்ன சார்ஜர் என்று அடையாளம் சொல்கிறது. அது உடைந்திருந்தாலோ, மலிவுச் சார்ஜராக இருந்தாலோ, கணினி அடையாளம் தெரியாமல் வேகத்தைக் குறைத்துவிடும். சார்ஜரைக் கழற்றிவிட்டு ஒருமுறை தூங்கவைத்து எழுப்பிப் பாருங்கள். வேகம் திரும்பினால் கள்ளன் அகப்பட்டான். புதுக் கணினி வேண்டாம், சரியான சார்ஜர் போதும்.

சூடு ஏன் வருகிறது? உறக்கத்தில் இரண்டு வகை உண்டு. ஆழ்ந்த உறக்கத்தில் ரேமுக்கு மட்டும்தான் மின்சாரம் போகும். மற்றது கோழித் தூக்கம். பிராசசர் முழுதாக அணையாது. பூட்டிய காரில், பைக்குள், நம்ம ஊர் வெயிலில் அது என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. உங்களுடையது எது என்று அறிய மறுபடியும் பூனை: சி.ஏ.டி., இடைவெளி, சாய்கோடு, எஸ்.ஒய்.எஸ்., சாய்கோடு, பி.ஓ.டபிள்யு.இ.ஆர்., சாய்கோடு, எம்.இ.எம்., அடிக்கோடு, எஸ்.எல்.இ.இ.பி. வரும் விடையில் சதுர அடைப்புக்குள் இருப்பதே இப்போது நடப்பில் உள்ளது. 'டீப்' என்றால் ஆழ்ந்த உறக்கம், 'எஸ்-டு-ஐடில்' என்றால் கோழித் தூக்கம்.

'டீப்' பட்டியலிலேயே இல்லாவிட்டால் பயாஸ் அமைப்பைப் பாருங்கள். லெனோவோ 2018-இல் வெளியிட்ட திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் ஆறாம் தலைமுறையில் இதே குறை இருந்தது. பிறகு வந்த பயாஸ் புதுப்பிப்பில், உறக்கநிலைக்கு 'விண்டோஸ் 10', 'லினக்ஸ்' என்று இரண்டு தேர்வுகளைக் கொடுத்தார்கள். உங்கள் கணினியில் அப்படி எதுவும் இல்லையென்றால், பயணத்துக்கு முன் மூடியைச் சாத்துவதோடு விடாமல் முழுதாக அணைத்துவிடுங்கள். எஸ்.எஸ்.டி. போட்ட கணினி மறுபடி எழ ஒரு நிமிடம்கூட ஆகாது.