இரண்டு சுருதிகளைப் பிரிக்கும் சுற்று

நாவலப்பிட்டி வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்: “கம்பளை கொமியூனிகேஷன் கடையில் ஃபெக்ஸ் அனுப்பும்போது முதலில் ஒரு கீச்சுச் சத்தம் கேட்குமே, அது என்ன?”

இரண்டு இயந்திரங்கள் பேசி ஒத்துக்கொள்ளும் சத்தம் அது. பக்கம் போவது செக்கனுக்கு 9,600 பிட், 14,400 பிட் என்ற வேகத்தில். ஆனால் “எந்த வேகம் உனக்குச் சரிவரும்?” என்று கேட்பதும், கடைசியில் “பக்கம் கிடைத்தது” என்று உறுதி சொல்வதும் வெறும் 300 பிட் வேகத்தில். 1964இல் வந்த வி.21 முறை இது. 1,650 ஹேர்ட்ஸ் ஒலித்தால் 1. 1,850 ஒலித்தால் 0. நீண்ட தொலைபேசிக் கம்பியில் ஒலி மங்கினாலும் சுருதி மாறுவதில்லை. அதனால்தான் முக்கியமான பேச்சை இதனிடம் ஒப்படைத்தார்கள்.

இதில் என்னை அசத்துவது ஒரு கணக்கு. ஒரு பிட் நிற்பது 3.3 மில்லிசெக்கன். அதற்குள் 1,650இல் ஐந்தரை அலை. 1,850இல் ஆறுக்குச் சற்று மேல். முழுதாக ஓர் அலை வித்தியாசம்கூட இல்லை! அலைகளை எண்ணிப் பிரிக்கப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

எங்கள் ஊர் ஆயுர்வேத வைத்தியர் நாடி பிடித்தால் ஒரு நிமிடம் எண்ணிக்கொண்டிருக்க மாட்டார். இரண்டு துடிப்புக்கு இடையிலுள்ள நேரமே அவருக்குப் போதும். டிஜிட்டல் சுற்றும் அப்படித்தான். வரும் அலையை முதலில் ஒரு கொம்பரேட்டர் சதுர அலையாக்குகிறது. ஒலியின் ஏற்றத்தாழ்வு அங்கேயே கழிந்துவிடும். அலை எழும்போதெல்லாம் ஒரு கவுண்டர் பூச்சியத்திலிருந்து தொடங்கி, அடுத்த எழுச்சி வரை மைக்ரோசெக்கன்களை எண்ணுகிறது. 606 அளவில் வந்தால் 1. 541 அளவில் வந்தால் 0. எல்லைக்கோடு 571. இரைச்சலால் ஓர் அளவு பிழைத்தாலும், அடுத்தடுத்த அளவுகளில் பெரும்பான்மை எதுவோ அதையே சுற்று ஏற்கும்.

அதிர்வெண்ணை மாற்றிச் சேதி சொல்லும் இதே உத்தி இன்று புளூடூத்திலும் இருக்கிறது. ஆனால் உயர்தரத் தொழினுட்ப மாணவர்கள் பலர் ஆயத்த மொடியூலைப் பொருத்துவதோடு நின்றுவிடுகிறார்கள். பழைய ஃபெக்ஸும் மோடமும் பழைய இரும்புக்குப் போகின்றன. அவற்றைப் பாடசாலை ஆய்வுகூடத்துக்குக் கொடுங்கள். ஒரு கொம்பரேட்டரும், ஒரு கவுண்டர் சில்லும், விடையைப் பிடித்துவைக்க ஒரு ஃபிளிப் ஃபிளொப்பும் வாங்கிக்கொடுத்து, அந்தக் கீச்சொலியைப் பிள்ளைகளே 1, 0 என்று பிரிக்கட்டும். உள்ளே நடப்பதைக் கையால் செய்து பார்த்த பிள்ளைதான் நாளை புதிதாக ஒன்றைச் செய்யும்.