சர்க்கரையை அளக்க இரண்டு கார்பன் முனைகள்

குளுக்கோமீட்டரில் ஒரு சொட்டு ரத்தம் வைத்ததும் எண் வந்துவிடுகிறது அல்லவா? இன்றைய பெரும்பாலான மீட்டர்களில் அந்த எண், அளந்த மின்சாரத்திலிருந்து கணக்கிடப்பட்டதுதான். சென்சார் டேட்டாவை வரைபடமாக்கும் புரோகிராம் எழுதுவது என் வேலை. எனவே, அந்தக் கரன்ட் எங்கிருந்து வந்தது என்பதே என் முதல் கேள்வி!

என்ஸைம் எலக்ட்ரோடு என்ற யோசனையை 1962-ல் லேலண்ட் கிளார்க், சாம்ப் லயன்ஸ் இருவரும் வெளியிட்டனர். ஆய்வகங்களில் இதையே மிகச் சிறிதாகச் செய்கிறார்கள். சுமார் 7 மைக்ரான் தடிமனுள்ள கார்பன் இழை. நம் தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு. அதன் மேல் குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் என்ற புரதத்தைப் பூசுவார்கள். அது குளுக்கோஸைப் பிடித்து ஹைட்ரஜன் பெராக்ஸைடு உண்டாக்கும். அந்தப் பெராக்ஸைடு தரும் நானோ ஆம்பியர் கரன்டை அளக்க வேண்டும்.

புரதம் ஆள் பார்த்துத்தான் சேர்க்கும். அடியிலுள்ள எலக்ட்ரோடு அப்படியல்ல. வைட்டமின் சி, பாராசிட்டமால் எது வந்தாலும் கரன்ட் காட்டிவிடும். உடலில் பொருத்தும் முந்தைய சில சென்சார்கள், பாராசிட்டமால் சாப்பிட்டவருக்குச் சர்க்கரையை அதிகமாகக் காட்டியது இதனால்தான். அதை நம்பி இன்சுலின் போட்டால் என்ன ஆகும்?

நேஃபியான் என்ற படலம் வைட்டமின் சி-யை ஓரளவு தள்ளி நிறுத்தும். பெயின்டில் சேர்க்கும் பிரஷ்யன் நீலத்தைக் கார்பன் மேல் படிய வைத்தால், குறைந்த வோல்டேஜிலேயே பெராக்ஸைடை அளக்கலாம், தொல்லை குறையும்.

எனக்குப் பிடித்தது இரட்டை முனை முறை. பக்கத்திலேயே இன்னொரு எலக்ட்ரோடு. அதில் என்ஸைமுக்குப் பதில், குளுக்கோஸைக் கண்டுகொள்ளாத ஆல்புமின் புரதப் பூச்சு. முதல் முனை 12, இரண்டாவது 9 நானோ ஆம்பியர் காட்டினால், மீதி 3 தான் சர்க்கரை. புரோகிராமில் ஒரே வரி!

ஆனால் அந்த ஒரு வரியை அப்படியே நம்பாதீர்கள். இரண்டாவது முனையின் பூச்சு சற்றுத் தடித்து, 9-க்குப் பதில் 8.1 காட்டுகிறது என வைத்துக்கொள்வோம். பத்து சதவீதப் பிழைதான். கழித்தால் வருவது 3.9. சர்க்கரைக் கணக்கில் முப்பது சதவீதம் தவறு! எனவே முதலில் இரண்டையும் வைட்டமின் சி மட்டும் உள்ள கரைசலில் வைத்து, ஒவ்வொரு ஜோடிக்கும் தனித் திருத்த எண் கண்டுபிடிக்க வேண்டும். திசுவிலிருந்து எடுத்த பிறகும் இதே சோதனை தேவை. திசுவின் புரதங்கள் முனையில் ஒட்டிக்கொண்டு அதன் உணர்திறனைக் குறைத்திருக்கும்.