விரலும் சொல்லும்

பெங்களூரிலே குடியேறி வாழும் தமிழர் இல்லங்களில் அடிக்கடி நிகழ்வது இது. ஊரிலிருந்து பாட்டி கைப்பேசியில் இரண்டு வரி எழுதி அனுப்புகிறாள். பேரக்குழந்தை அதைத் தாயிடம் நீட்டி, "என்ன எழுதியிருக்கு, படிச்சுச் சொல்லும்மா" என்கிறது. பேச்சிலே தடையின்றி வரும் தமிழ், எழுத்தைக் கண்டதும் நின்றுவிடுகிறது. பள்ளியிலே ஆங்கிலமும் கன்னடமும் பயிலும் குழந்தைக்குத் தமிழ் எழுத்தைக் காட்டவேண்டியவர் பெரும்பாலும் வீட்டாரே.

இதற்குத் தனி ஆசிரியரைத் தேட வேண்டுவதில்லை. இரவு உணவுக்குப் பின் கால்மணி நேரம், குழந்தையை அருகில் இருத்திக்கொண்டு, சொல்லின் கீழே விரலை நகர்த்தியவாறு ஒரு கதையைப் படியுங்கள், உரக்கப் படியுங்கள். உரக்க என்று வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு.

கன்னடத்திலே ககர வருக்கத்தில் வல்லொலிக்கு ஓரெழுத்து, மெல்லொலிக்கு ஓரெழுத்து, மூச்சொலிகளுக்கு இரண்டு என நான்கு எழுத்துகள் உள்ளன. தமிழிலோ ஒரே 'க'தான். கல், பக்கம், தங்கம், பகல் என்னும் நான்கையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதல் இரண்டில் வன்மையாகவும், 'தங்கம்' என்பதில் மெல்லெழுத்தை அடுத்து மென்மையாகவும், 'பகல்' என்பதில் அதனினும் நெகிழ்ந்தும் ஒலிக்கிறது. ஓரெழுத்துக்கு ஓரொலி என்று பழகிய குழந்தை இங்கே தடுமாறுவது இயல்பு. அதை மந்தபுத்தி என்று கடிந்துகொள்வோரும் உளர், பெருந்தவறு. விதியை விளக்கவும் வேண்டா. உங்கள் குரலைக் கேட்டுக்கொண்டே எழுத்தைப் பார்த்தால், நாளடைவில் செவியே வழிகாட்டும்.

புத்தகத்திலே 'வந்தார்கள்', வீட்டிலே 'வந்தாங்க' என்பது மற்றொரு தடை. உள்ளபடி படித்துவிட்டு, வீட்டு வழக்கிலும் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

கன்னடம் இதற்கு இடையூறன்று, துணையே. நம் பால் அங்கே ஹாலு, பல், ஹல்லு. சொல்லின் முதலில் நின்ற பழைய பகரம் கன்னடத்தில் பிற்காலத்தே ஹகரமாயிற்று. இதைக் கேட்ட குழந்தை இத்தகைய இணைகளைத் தானே தேடத் தொடங்கும். கன்னடக் கதையொன்றை அது உங்களுக்குப் படித்துக் காட்டட்டும்; அன்று நீங்கள் மாணவர்.

"எமக்கே தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும்" என்பார் சிலர். கூட்டியே படியுங்கள்; குழந்தைக்கு அதனால் தைரியம்தான் பிறக்கும்.

புத்தகத்திற்கும் குறைவில்லை. 2004-இல் இந்நகரிலேயே தொடங்கிய பிரதம் புக்ஸ், 2015-இல் ஸ்டோரிவீவர் என்னும் இணையத்தளத்தை அமைத்தது. அங்கே ஒரே படக்கதை தமிழிலும் கன்னடத்திலும் இலவசமாகக் கிடைப்பதுண்டு. அல்சூர் ஏரியை அடுத்துள்ள பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்திலும் நூலகம் உண்டு.

கிழியும் என்று அஞ்சிப் புத்தகத்தை அலமாரியில் பூட்டாதீர்கள். அதே கதையை இருபதாம் முறை கேட்டாலும் சலிக்க வேண்டா. மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டு குழந்தை விரலை நகர்த்தும். முதலில் விரல் ஒருபுறமும் சொல் ஒருபுறமும் ஓடும். ஒருநாள் இரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்கும்.