செம்பின் செல்வாக்கு

மின்சார ஸ்கூட்டரிலும் வீட்டு ஒயரிலும் தாமிரத்தின் இடத்தைப் பிடிக்க எளிதில் ஆளில்லை. தேவை ஏறும் நேரத்தில் கையிருப்புதான் கவலை.

புனேயின் வடமேற்கு விளிம்பில், பழைய மும்பை நெடுஞ்சாலையில் இருக்கிறது நிக்டி. பக்கத்திலேயே ஆகுர்டி. பஜாஜ் ஆட்டோவின் பழைய கோட்டை. 1972ல் அறிமுகமான சேத்தக் ஸ்கூட்டர் பெட்ரோலில் ஓடியது. அதே பெயரில் மின்சார ஸ்கூட்டர் 2020ல் விற்பனைக்கு வந்தது. 2022 ஜூனில் அதற்கென்றே ஆகுர்டியில் ஒரு ஆலை திறக்கப்பட்டது. இன்ஜின் போய் மோட்டார் வந்துவிட்டது. மோட்டார் என்றால் செம்புக் கம்பிச் சுற்று. கார்களில் இந்த மாற்றம் இன்னும் பளிச்சென்று தெரியும். தாமிரத் தொழில் துறையின் கணக்குப்படி பெட்ரோல் காரில் சுமார் 23 கிலோ செம்பு. பேட்டரி காரில் சுமார் 83 கிலோ.

ஏன் செம்பு? மின்சாரத்துக்கு அது குறைவாகவே தடை போடுகிறது. ஒரு சதுர மில்லிமீட்டர் பருமனும் 100 மீட்டர் நீளமும் கொண்ட கம்பியை எடுத்துக்கொள்வோம். வெள்ளியாக இருந்தால் மின்தடை சுமார் 1.6 ஓம். செம்பு என்றால் 1.7. அலுமினியம் என்றால் 2.7. வெள்ளிக்கும் செம்புக்கும் மயிரிழை வித்தியாசம்தான்; விலையிலோ மலையளவு. செம்பு அணுவின் 29 எலெக்ட்ரான்களில் கடைசி ஒன்று தளர்வாக இருக்கிறது. அவைதான் உலோகம் முழுவதும் ஓடித் திரிந்து மின்சாரத்தைச் சுமக்கின்றன.

ஆனால் சுத்தம் முக்கியம். சுமார் 0.04 சதவிகிதம் பாஸ்பரஸ் கலந்தாலே கடத்தும் திறன் ஏறத்தாழ கால் பங்கு போய்விடும். ஏ.சி.க்குப் போடும் செம்புக் குழாயில் பற்றவைக்க வசதியாகப் பாஸ்பரஸ் இருக்கும். ஒயருக்கு அது ஆகாது. அதனால்தான் உருக்கிய செம்பை மின்பகுப்பு முறையில் மறுபடியும் சுத்தம் செய்கிறார்கள்.

சுத்தியலின் பாடம்

செம்பின் இன்னொரு குணத்தை புனே கஸ்பா பேட்டையின் 'தாம்பட் ஆளி' சந்தில் பார்க்கலாம். பேஷ்வாக்கள் காலத்தில் கொங்கணத்திலிருந்து வந்து குடியேறிய கன்னார்களின் தெரு இது. பாத்திரத்தின் மேல் அவர்கள் வரிசையாகக் கொட்டும் சுத்தியல் அடி வெறும் அலங்காரம் அல்ல. அடிக்க அடிக்கச் செம்பு இறுகி உறுதியாகிறது. மறுபடி இளக வேண்டுமா? நெருப்பில் பழுக்கக் காய்ச்சினால் போதும்.

கம்பி ஆலையிலும் இதே பாடம்தான். அச்சுத் துளைகள் வழியாக இழுத்த கம்பி விறைப்பாக இருக்கும். மின்சார ரயிலுக்கு மேலே ஓடும் கம்பிக்கு அந்த விறைப்பே தேவை. சுமார் ஒரு டன் விசையில் இழுத்துக் கட்டினாலும் அது தாங்க வேண்டும். வீட்டு ஒயர் வளைய வேண்டும் என்பதால் அதைக் காய்ச்சி இளக்குகிறார்கள்.

செம்புக்கும் பலவீனம் உண்டு. சூடு ஏறினால் மின்தடையும் ஏறும். 50 டிகிரி கூடினால் தடை சுமார் 20 சதவிகிதம் அதிகம். தடை கூடினால் மேலும் சூடு. மெல்லிய ஒயர் ஆபத்தாவது இப்படித்தான்.

சுவருக்குள் நடக்கும் மோசடி

ஸ்விட்ச் போர்டிலிருந்து 15 மீட்டர் தள்ளி ஏ.சி. இருப்பதாக வைத்துக்கொள்வோம். போக வர 30 மீட்டர் கம்பி. முறையான 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 10 ஆம்பியர் ஓடினால் சுமார் 24 வாட் வெப்பமாக வீணாகும். '2.5' என்று அச்சிட்டுவிட்டு உள்ளே 1.5 அளவு கம்பியை வைத்திருந்தால்? வீணாவது 40 வாட். அத்தனையும் சுவருக்குள், பி.வி.சி. உறைக்குள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கம்பியும் இதே ரகம்தான். முனையை வெட்டிப் பார்த்தால் நடுவில் வெள்ளையாக இருக்கும். சுருளைத் தூக்கினாலும் தெரிந்துவிடும். செம்பின் அடர்த்தி 8.96, அலுமினியத்தின் அடர்த்தி 2.7. உறையில் ஐ.எஸ். 694 முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

அலுமினியத்தை ஒரேயடியாக ஒதுக்கவும் முடியாது. செம்புக்கு இணையாகக் கடத்த 1.6 மடங்கு பருமன் போதும். அப்போதும் எடை பாதிதான். அதனால்தான் உயர் அழுத்தக் கோபுரங்களில் எஃகு நடுக்கம்பியோடு அலுமினியம் தொங்குகிறது. ஆனால் இணைப்புகளில் ஆக்சைடு படிந்து, நாளடைவில் தளர்ந்து சூடாவது அதன் தீராத வியாதி. இடமும் குறைவான மோட்டாருக்குள் செம்புக்கே முதல் மரியாதை.

அந்தச் செம்பு எங்கிருந்து வரும்? மலாஞ்ச்கண்ட், கேத்ரி சுரங்கங்கள் நாட்டின் தேவைக்குப் போதாது. உருக்காலைகள் இறக்குமதித் தாதுவை நம்பியிருக்கின்றன. ஆண்டுக்கு 4 லட்சம் டன் திறன் கொண்ட தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையின் மாசுக்கு எதிராக மக்கள் போராடினார்கள். 2018 மே மாதம் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள். அதே மாதம் ஆலையை மூட அரசு உத்தரவிட்டது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் நிறுவனத்தின் மனுவைத் தள்ளுபடி செய்தது. சுத்திகரித்த செம்பை ஏற்றுமதி செய்துவந்த இந்தியா, 2018-19 முதல் இறக்குமதி செய்யும் நாடானது. 5 லட்சம் டன் திறனோடு திட்டமிடப்பட்ட முந்த்ரா ஆலை 2024ல்தான் இயங்கத் தொடங்கியது.

தாதுவில் செம்போடு கந்தகமும் ஒட்டிக்கொண்டு வருகிறது. உருக்கும்போது கந்தக டை ஆக்சைடு வரத்தான் செய்யும். அதைப் பிடித்து அமிலமாக்குவதில் ஆலை காட்டும் அக்கறையில்தான் ஊரின் மூச்சு இருக்கிறது. ஒரு ஆறுதல்: பழைய செம்பை உருக்கிச் சுத்தம் செய்தால் புதியதைப் போலவே கடத்தும். ஓய்ந்துபோன மோட்டார்கள் காயலான் கடைக்குப் போய்ச் சேர்ந்தாலும், அவற்றுக்குள் இருக்கும் செம்புக்கு ஓய்வில்லை.